நலங்கு எண்ணெய்

குமரா, கையெழுத்து உன் அக்கா வசந்தாவுடையது. சொல்வது உன் நைனா நான். இன்று அவளுக்குக் கம்பெனி லீவு. காலையிலேயே படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வரச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வைத்துக் காத்திருந்தேன். "வியாழக்கிழம நலங்கு, வெள்ளிக்கிழம கல்யாணம். பந்தல்காரனுக்கு இன்னும் போன் பண்ணல. வேல தலைக்கு மேல கீது, இப்பப் போயி லெட்டராம் லெட்டரு. போன்ல பேசிட்டுப் போயேன் நைனா" என்று திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். "மாத்திர போட்டியா, நடந்தியா, தண்ணி குடிச்சியா" என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தின் குறுக்கே உன்னால் பேச முடியாது. போன வருடம் ஆஸ்பத்திரியில் நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ ஒரு பொய் சொன்னாய். அந்தப் பொய்யை உன் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம். தாலி கட்டப் போகிறவன் அதைச் சுமந்துகொண்டு மணையில் உட்காரக் கூடாது.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் முறை. பன்னிரண்டாவது முடித்து ஒரு வருடம் நீ ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருந்தாய். சம்பளம், ஓ.டி., போக வர பஸ், சாப்பாடு எல்லாம் இருந்தது. ஒரு நாள் வந்து, நர்சிங் படிக்கப் போகிறேன் என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "பெட்பேன் எடுக்குறதுக்கா உன்ன பெத்தேன்?" என்றேன். இரண்டு வாரம் உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை. நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். மூன்று வருடம் படித்து, வேலைக்கும் சேர்ந்த பிறகு, டீக்கடையில் எல்லோரிடமும் "என் பையன் ஆஸ்பத்திரில சூப்பர்வைசர்" என்று சொல்லி வைத்திருந்தேன். என்னோடு காங்கிரீட் மிக்சர் லாரியில் பதினாறு வருடம் ஓடிய டிரைவர் பலராமன் விடுவானா? அவன் மருமகளுக்கு ஜுரம் என்று உன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவன், கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டான்: "இன்னாபா, உன் பையன் சூப்பர்வைசர்னு சொன்ன. அங்க எல்லாரும் அவன, நர்ஸ் பொண்ண சிஸ்டர்ன்ற மாதிரி, பிரதர் பிரதர்னு கூப்புட்டுகினு கீறாங்க. ஊசி கூட நல்லா போட்டான்பா, வலியே இல்லியாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேலியாகச் சொன்னானா, மெச்சிச் சொன்னானா என்று கூடப் பார்க்காமல், டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பாதி டீக்கு நான் வெட்கப்படுகிறேன், குமரா.

இனி உன் அம்மா விஷயம். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. எழுத்து தெரியாதவனுக்கு ஞாபகம்தான் நோட்டு. அதில் ஒரு வரிகூட அழியவில்லை. நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நெஞ்சில் சளி கட்டி, ஜுரத்தோடு அவள் ஆஸ்பத்திரியில் பதிமூன்று நாள் படுத்திருந்தாள். அந்தப் பதிமூன்று நாளும் அவள் காலைத் தரையில் பட விடவில்லை நாங்கள். சோறு ஊட்டியது வசந்தா, தலை வாரியது வசந்தா, திரும்பிப் படுக்க வைத்தது நான். அவள் எழுந்து உட்காரப் பார்த்தால்கூட, "சும்மா கெட, நாங்க எதுக்குக் கீறோம்?" என்று அதட்டுவேன். பார்க்க வந்த சனமெல்லாம், புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் பெருமை. வீட்டுக்கு வந்த நாள் அவள் இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. படுத்தே கிடந்ததில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். காங்கிரீட் ப்ளாண்டில் எவனுக்குக் கால் பிசகினாலும் என்னிடம்தான் நீவிக்கொள்ள வருவான். என் கை அப்படிப்பட்ட கை. எண்ணெய் காய்ச்சி, இரண்டு சாயங்காலம், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, அழுத்தி நீவினேன். "நல்லா கீதுய்யா" என்றாள். மூன்றாம் நாள் காலை, குளிக்கப் போகிறேன் என்று எழுந்தாள். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வாங்குது" என்றாள். அவ்வளவுதான். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள், நாமும் அதையே சொல்லி அழுதோம்.

போன ஐப்பசி மழையில் அதே சளி, அதே ஜுரம் எனக்கும் வந்தது. நீ வேலை பார்க்கும் வார்டிலேயே சேர்த்தாய். முதல் நாள் நீ டூட்டியில் இல்லை. ஒரு சின்னப் பொண்ணு, நர்ஸ், ஊசியோடு வந்தாள். கையை நீட்டினேன். "சட்டைய கொஞ்சம் தூக்குங்க தாத்தா, வயித்துல போடணும்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. பத்து வயதில் என்னை நாய் கடித்தது உனக்குச் சொல்லியிருக்கிறேன். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஒவ்வொரு நாளும் நடந்தே போய் வாங்கி வந்தவன். இந்தப் பக்கத்தில் என் வயசுக்காரன் எவனைக் கேட்டாலும், வயிற்றில் ஊசி என்றால் அது ஒன்றுதான். "எனக்கு நாய் கடிக்கலம்மா" என்றேன். "இது நாய்க்கடி ஊசி இல்ல தாத்தா, ரத்தம் கட்டாம இருக்க." "வயித்துல வேற இன்னா ஊசி போடுவாங்க? எனக்கு இன்னா வந்துகீதுன்னு நேரா சொல்லு." பக்கத்தில் இருந்த வசந்தாவும், "அதான் வேணாம்ன்றாரே, வுட்ருங்க சிஸ்டர்" என்று எனக்குப் பரிந்து பேசினாள். (இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.) அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு போனாள். நான் போர்வையை வயிற்றோடு சுற்றிக்கொண்டு படுத்துவிட்டேன். நடக்கச் சொன்னதற்கும் நடக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, இதுவரை சொன்னதில்லை. பிரட்டும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தால், இவனுக்கு என்ன நோவு என்று பேசுவார்கள் அல்லவா? அவர்களுக்காகப் படுத்திருந்தேன்.

மறுநாள் காலை நீ வந்தாய். நர்ஸ் உடுப்பில் உன்னைப் பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகன் மாதிரி பேசவில்லை நீ. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாய்: "மிக்சர் வண்டி ட்ராஃபிக்ல மாட்டிகிச்சுன்னா இன்னா பண்ணுவ நைனா?"

"இன்னா பண்றது, நிக்க வேண்டியதுதான்."

"டிரம்மு?"

"டிரம்ம எப்டிடா நிறுத்துறது? வண்டி நிக்கலாம், டிரம் நிக்கக் கூடாது. நின்னா உள்ள இறுகிடும். அப்பால நான்தான் உளிய எடுத்துகினு உள்ள எறங்கணும்."

"தூரமா போற லோடுக்கு ப்ளாண்ட்ல ஒரு கெமிக்கல் ஊத்துவீங்களே, எதுக்கு?"

"சீக்கிரம் இறுகாம இருக்க."

"ரெண்டு மடங்கு ஊத்தினா?"

"ஊத்தினவன செருப்பால அடிப்பாங்க. மறுநாளானாலும் காங்கிரீட்டு பிடிக்காது."

"ரத்தமும் அதேதான் நைனா. நோவுல படுத்தே கெடந்தா கால்ல ஓட்டம் கொறஞ்சு, அங்கயே கட்டியா இறுகிடும். நடக்குறது டிரம் சுத்துற மாதிரி. இந்த ஊசி அந்த கெமிக்கல் மாதிரி. ஆளப் பாத்து, அளவு பாத்துதான் போடுவோம். ரத்தம் கசியிற ஆளுக்குப் போட மாட்டோம். எதிர்ல பாரு, அவருக்கு வயித்துல புண்ணு, ரத்தம் போவுது. அதான் ஊசி இல்ல, கால்ல காத்தடிக்கிற பட்டை கட்டியிருக்கோம்."

நான் எதிர்க் கட்டிலைப் பார்த்தேன். அந்த ஆளின் இரண்டு காலிலும் பட்டை உப்பி, இளைத்து, உப்பிக்கொண்டிருந்தது. எத்தனையோ இன்ஜினியர்கள் ப்ளாண்டில் எனக்கு எதையெதையோ விளக்கியிருக்கிறார்கள், ஒன்றும் மண்டையில் ஏறியதில்லை. நீ என் லாரியை வைத்தே எனக்கு ஒரு ஆஸ்பத்திரியைப் புரிய வைத்தாய். சட்டையைத் தூக்கினேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பிறகு உன் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தா கோடி வரை நடந்தேன். "ஜுரத்துல கெடக்குறவன நடக்க வுடுறியே, பெத்த புள்ளையாடா நீ?" என்று திட்டிக்கொண்டுதான் நடந்தேன், ஆனால் நடந்தேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்டேன். "அந்தக் கட்டி கால்லயே இருந்துடுமா?" என்றேன். "சில நேரம் கழண்டு நெஞ்சுக்குப் போயிடும்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மாவுக்குக் கால் வீங்குச்சே, அதுவும் இதானா?" என்றேன். நீ எழுந்து, என் சலைன் பாட்டிலைச் சரி செய்தாய். "அது வேற நைனா, அது ஹார்ட்டு" என்றாய். குமரா, அந்த பாட்டில் முன்தினமே தீர்ந்து, குழாயைக் கழற்றி, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காலியான பாட்டிலைச் சரி செய்தாய் நீ.

அப்போதும் எனக்குச் சந்தேகம்தான், முழுதாகத் தெரியவில்லை. தெரிந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கிழவி வந்தாள், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். பத்து நாளாக வீட்டில் ஜுரத்தோடு படுத்த படுக்கையாகக் கிடந்து, பிறகு கொண்டு வந்திருந்தார்கள். கூட அவள் மகன், ஆட்டோ ஓட்டுகிறவர். கிழவி கால் வலிக்கிறது என்று முனகவும், பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து, அவள் கெண்டைக்காலில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். நீ வார்டின் அந்தக் கோடியில் இருந்தாய். அங்கிருந்து ஓடி வந்தாய். "கைய எடு! அண்ணா, கைய எடு, தேய்க்காத!" என்று நீ போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பாட்டில் கீழே விழுந்து உருண்டது. உன் முகத்தை நான் பார்த்தேன். அந்தக் கிழவியைப் பார்க்கிற முகம் இல்லை அது. உன் அம்மா போன காலையில், நீ பதினைந்து வயதில் நம் வாசற்படியில் நின்றபோது இருந்த முகம்.

அங்கேயே எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நீ நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாய் என்று நினைத்து, "நான் அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று கத்தினேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, படம் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு காலின் படம் இருந்தது. உள்ளே நீல நிறத்தில் ஒரு குழாய், குழாயின் நடுவில் அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு கட்டி. ஆக, உனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் நீவியதில் அந்தக் கட்டி கழன்றிருக்கலாம் என்று தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு, என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலம் எனக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாய்.

இங்கே வசந்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "எண்ணெய காய்ச்சிக் குடுத்தது நானு நைனா" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ ஆட்டோக்காரரிடம் சொன்னதைத்தான் அவளிடம் சொன்னேன். உனக்கு நினைவிருக்கிறதா? டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்கேன் எடுத்து, கட்டிதான் என்று தெரிந்து, கிழவிக்கு மருந்து ஏற ஆரம்பித்த பிறகு, நீ திரும்பி வந்தாய். அந்த மனுஷர் சுவரோரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாய். "கத்துனதுக்கு மன்னிச்சுக்கண்ணா. பாசத்துலதான் தேய்ச்ச, அது எனக்குத் தெரியும். தேய்க்காமயே கூட அது கழண்டுகினு போவும், தேய்ச்சும் போவாம இருக்கும், யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. யாரும் சொல்லித் தராதத நீ எப்டித் தெரிஞ்சுக்குவ? உன் மேல தப்பே இல்ல" என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை. நீ குரலைத் தாழ்த்தாமல் சொன்னாய். அவருக்கு மட்டும் என்றால் அவ்வளவு உரக்கச் சொல்லத் தேவையில்லை. அதில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். இன்று அதிலிருந்து உன் அக்காவுக்கும் கொடுத்துவிட்டேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இத்தினி வருஷமா தெரிஞ்சுகினு எங்கிட்ட கூடச் சொல்லலியே அவன். புதங்கிழம வூட்டுக்கு வரட்டும், முதுகுல நாலு வெக்கிறேன்" என்கிறாள். வாங்கிக்கொள். பிறகு நீயே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை சொல்லிவிடு.

கிழவி ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனாள். அதற்கு முன்னால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். காலை ரவுண்டுக்கு வந்த டாக்டர் அவசரமாக அடுத்த கட்டிலுக்கு நகரப் போனார். நீ உன் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "சார், இந்தப் பேஷண்ட் எந்திரிக்கவே இல்ல. ரத்தம் கசியிற பிரச்சனையும் இல்ல. ஊசியும் எழுதல, வேணாம்னும் எழுதல" என்றாய். அவர் நின்று, வாங்கிப் பார்த்து, எழுதினார். "தேங்க்ஸ் பிரதர்" என்றார். வருகிற ஒவ்வொருவரையும் நடக்கிறாரா, வயது என்ன, முன்பு கால் வீங்கியதுண்டா, ரத்தம் எங்காவது போகிறதா என்று நீ கேட்டுக் குறித்துக்கொள்வதை, படுத்த இடத்திலிருந்து நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆளையும் விடவில்லை. அவர்கள் குணமாகி, பழப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தங்களுக்கு என்ன வராமல் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. வராமல் போனதற்கு யார் மாலை போடுவார்கள்? நான் பார்த்தேன், எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் டீக்கடைக்குப் போய், பலராமன் இருக்கும்போதே, "என் பையன் சூப்பர்வைசர் இல்லபா, நர்ஸ்" என்றேன். "அது எங்களுக்கு எப்பவோ தெரியும், உனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுகீது" என்றான். அன்று டீயை முழுதாகக் குடித்தேன். கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே ஸ்டாஃப் நர்ஸ் என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னதும் நான்தான். அச்சகத்தில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய் நல்ல மனசோடு சொன்னது. ஆனால் நீ தாலி கட்டப் போகிற பெண்ணிடம் இப்படி ஒரு பொய்யை வைத்துக்கொள்ளாதே. ஆட்டோக்காரருக்குச் சொல்ல முடிந்த வார்த்தையை வீட்டு மனுஷருக்குச் சொல்ல உனக்கு இத்தனை வருடம் வாய் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை, தெரிந்த பிறகும் ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். நம் வீட்டு ஆம்பளைகளுக்கு இது ஒரு வியாதி, உன்னோடு நிற்கட்டும்.

உன் அம்மா போன பிறகு யார் காலையும் நான் எண்ணெய் தொட்டு நீவியதில்லை. பிசகு என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது. கை போகவில்லை, அவ்வளவுதான். வியாழக்கிழமை நலங்குக்கு உன் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு முன்னால் வருவாள். பெண்டாட்டி இல்லாதவன் நலங்கு வைக்கலாமா என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். அருகம்புல்லை எண்ணெயில் தோய்த்து உன் தலையில், தோளில், முழங்காலில், பாதத்தில் முதலில் வைக்கப் போவது நான். எண்ணெய் காய்ச்சுவது வசந்தா. அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். தேய்க்க மாட்டேன், பயப்படாதே. சும்மா தொட்டு எடுப்பேன். நீ காலை நீட்டிக்கொண்டு உட்கார்.